பில் இல்லாத பச்சைச் சட்டை

ஓய்வூதிய அலுவலகத்தின் மூன்றாவது கவுன்ட்டரில் பத்தொன்பது வருஷமாக உட்கார்ந்திருப்பவருடைய பெயர் அங்கே யாருக்கும் ஞாபகம் இல்லை. எல்லாருக்கும் அவர் ‘ஒரிஜினல்’தான். யார் எந்தக் காகிதத்தை நீட்டினாலும் வாங்கிப் புரட்டுவார். மூக்குக் கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்ப்பார். “ஒரிஜினல் எங்கே?” என்பார். ஒரிஜினலை நீட்டினால் நகல் எங்கே என்பார். இரண்டையும் கொண்டு வந்தவர்களும் உண்டு. அவர்களைச் சாப்பாட்டு நேரம் முடிந்து வரச் சொல்வார்.

அப்பேர்ப்பட்டவர், ஒரு வியாழக்கிழமை காலையில், கையில் ஒரு துண்டுக் காகிதம் கூட இல்லாமல் பீரோ கண்ணாடிக்கு முன்னால் தவித்துக்கொண்டு நின்றார். உடம்பில் ஒரு பச்சைச் சட்டை.

சாதாரணப் பச்சை இல்லை. கிளி பார்த்தால் சொந்தம் கொண்டாடிக்கொண்டு தோளில் வந்து உட்கார்ந்துவிடும். முந்தாநாள் மனைவி வாங்கி வந்தது. நடுப் பொத்தானைப் போட்டால் மூச்சு விட முடியவில்லை, மூச்சு விட்டால் பொத்தான் நிற்கவில்லை.

மறுநாள் காலை பத்து மணிக்கு அலுவலகத்தில் குரூப் போட்டோ. ஒரிஜினலுக்குப் பிரிவுத் தலைவராகப் பதவி உயர்வு வந்திருந்தது. அந்தப் படத்தைச் சட்டம் போட்டு ஹாலில் மாட்டுவார்கள். மாட்டினால் இறக்க மாட்டார்கள். அவர் ஓய்வு பெற்று, அவருடைய பென்ஷனுக்கே அந்தக் கவுன்ட்டரில் வந்து நிற்கிற காலத்திலும் அந்தப் பச்சை சுவரில் பளிச்சென்று தொங்கிக்கொண்டிருக்கும்.

“என்னங்க, எப்படி இருக்கு?” என்று அடுக்களையிலிருந்து மனைவியின் குரல் வந்தது.

“பிரமாதம்! ஆமா, இதோட பில்லு எங்கே?”

“எதுக்கு?”

“சும்மா, ஃபைல்ல வைக்க.”

“பில்லா? இங்கேதான் எங்கேயோ வச்சேன். காணோமே.”

“பில்லைத் தொலைச்சுட்டியா? எத்தனை தடவை படிச்சுப் படிச்சுச் சொல்லியிருக்கேன்!”

“அதான் சட்டை பிரமாதமா இருக்கே. பில்லு எதுக்கு?”

அவர் சட்டையைக் கழற்றி, மடித்து, பையில் போட்டு, பையைச் சாப்பாட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு கிளம்பினார். கடைக்குப் போய் இதைக் கொடுத்துவிட்டு, ஒரு சாம்பல் நிறச் சட்டை வாங்கிவிடுவது. வீட்டில் கேட்டால், துணியில் பழுது என்று கடைக்காரனே மாற்றிக் கொடுத்துவிட்டான் என்று சொல்லிவிடுவது. இதுதான் திட்டம்.

வெளி வேலை என்றால் அவர் பியூனைத்தான் அனுப்புவார். மருந்துக் கடை, தபால் அலுவலகம், கண்ணாடிக்கு ஃபிரேம் மாற்றுவது எல்லாம் பியூன்தான். ஆனால் பில் இல்லாமல் சட்டையை மாற்றுவது பியூனால் ஆகிற காரியமா? அதற்கு வாய் வேண்டும், விதிமுறை தெரிந்திருக்க வேண்டும், எதிராளியைக் களைக்க வைக்கிற பொறுமை வேண்டும். தன்னை விட்டால் ஆள் இல்லை என்று அவர் மனப்பூர்வமாக நம்பினார்.

சாயங்காலம் ஐந்தரைக்கு ஜவுளிக் கடையில், ‘மாற்றும் பிரிவு’ என்று எழுதியிருந்த கவுன்ட்டரில் வரிசையில் நின்றார். கவுன்ட்டரில் ஓர் இளம்பெண். சட்டையை வாங்கிப் புரட்டினாள். நிமிர்ந்து பார்த்தாள்.

“பில்லு எங்கே சார்?”

“பில்லு இல்லைம்மா. ஆனா சட்டை உங்க கடைதான். காலர்ல உங்க பேரே இருக்கு பாரு.”

“எங்க பேரு போட்ட சட்டை ஊர் பூரா இருக்கு சார். ஒரிஜினல் பில்லு வேணும்.”

அந்த வார்த்தை காதில் விழுந்ததும் ஒரிஜினலுக்குச் சுருக்கென்றது.

“நான் பொய் சொல்றவன் மாதிரியா இருக்கேன்?”

“நீங்க மூணாவது கவுன்ட்டர் சார்தானே?”

அவருக்கு முகம் மலர்ந்தது. “ஆமா! என்னைத் தெரியுமா?”

“தெரியாம என்ன? எங்கப்பா பென்ஷன் அட்டையைத் தொலைச்சுட்டு நாலு தடவை வந்தாரு. நாலு தடவையும் ஒரிஜினல் எங்கேன்னு கேட்டுத் திருப்பி அனுப்பினீங்க. அப்புறம் அவரு வர்றதையே விட்டுட்டாரு.”

பின்னால் நின்ற ஒரு அம்மாள், “சீக்கிரம் ஆகட்டும்ப்பா, பஸ்ஸுக்கு நேரமாகுது” என்றாள். பத்தொன்பது வருஷமாகக் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து வந்த குரல் அது. முதல் தடவையாக முதுகுக்குப் பின்னால் கேட்டது. பிடரி வேர்த்துவிட்டது.

“விதின்னு ஒண்ணு இருக்கே, நான் என்னம்மா பண்றது?” என்றார், சுருதி இறங்கிப்போய்.

“அதையேதான் நானும் சொல்லணும். ஆனா எங்க கடையில ஒரு வழி வச்சிருக்கோம் சார். வாங்கினவங்க போன் நம்பர் சொல்லுங்க. அதுக்கு ஒரு ரகசிய எண் போகும். அதைச் சொன்னா மாத்திக்கலாம். மொதல்ல வேற சட்டை எடுத்துப் போட்டுப் பார்த்துட்டு வாங்க.”

இவ்வளவு சுலபமா! ஒரிஜினல் குதூகலமாக மாடிக்கு ஓடி ஒரு சாம்பல் நிறச் சட்டை எடுத்தார். நாற்பது இறுக்கியது. நாற்பத்திரண்டு கச்சிதம். கண்ணாடியில் பார்த்தார். ஆள் இருக்கிற சுவடே தெரியவில்லை. அவருக்குப் பரம திருப்தி.

கீழே வந்து, ‘இது கச்சிதம்’ என்று சட்டையைக் கொடுத்து, மனைவியின் நம்பரைச் சொல்லிவிட்டு, ஒதுங்கி நின்று அவளுக்குப் போன் போட்டார்.

“இந்தா, உன் போனுக்கு ஒரு நம்பர் வந்திருக்கும். சொல்லு.”

“வந்திருக்கு. சொல்ல மாட்டேன்.”

“ஏன்?”

“ஃபிரிட்ஜ் மேல நீங்க ஒட்டியிருக்கிற உத்தரவு. படிக்கட்டுமா? ‘போனில் வரும் ரகசிய எண்ணை யார் கேட்டாலும் சொல்லக் கூடாது. நானே கேட்டாலும் சொல்லக் கூடாது.’ கீழே கையெழுத்து, தேதி. முத்திரை மட்டும்தான் குறை.”

பக்கத்து வீட்டுக்காரர் இப்படி ஒரு எண்ணைச் சொல்லி ஏமாந்த அன்றைக்கு, இவர் வீராவேசமாக எழுதி ஒட்டியது அது.

“அது திருடனுக்கும்மா! நான் உன் புருஷன்!”

“திருடனும் அப்படித்தான் சொல்லுவான்னு நீங்கதானே சொன்னீங்க?”

“என் குரல் தெரியலை?”

“குரலை நம்பாதேன்னும் சொன்னீங்க. அது ரெண்டாவது பாரா.”

வரிசையில் யாரோ சிரித்தார்கள். ஒரிஜினல் கைக்குட்டையால் போனை மூடிக்கொண்டு பேசினார்.

“ஆபீஸ் விஷயம்மா, அவசரம்.”

“ஆபீஸா? பச்சைச் சட்டையை மாத்தறதுக்கான எண்ணுன்னுல்ல இதுல போட்டிருக்கு?”

மாட்டிக்கொண்டாயிற்று. இனி தப்பிக்க ஒரே ஒரு சந்துதான் இருந்தது. அதில் புகுந்தார்.

“அது வந்து, அளவு கொஞ்சம் சின்னது. நடுப் பொத்தான் போட முடியலை. உன் மனசு கஷ்டப்படக் கூடாதேன்னுதான் சொல்லலை.”

“அளவுதானா? நிறம் பிடிக்கலையோன்னு நினைச்சேன்.”

“சேச்சே! நிறத்துக்கு என்ன? பிரமாதமான நிறம்!”

“சத்தியமா?”

“சத்தியமா.”

“சரி, அப்போ உத்தரவை ரத்து பண்ணுங்க.”

“பண்ணிட்டேன், பண்ணிட்டேன்.”

“வாயால சொன்னா செல்லாது. எழுத்துல வேணும். சாட்சி கையெழுத்தோட.”

அவளும் பதினெட்டு வருஷம் அவருடன் குடித்தனம் நடத்தியவள் இல்லையா? ஒரிஜினல் கடை விளம்பரத் தாளின் பின்பக்கத்தில், ‘மேற்படி உத்தரவு இதனால் ரத்து செய்யப்படுகிறது’ என்று எழுதினார். பஸ்ஸுக்கு நேரமான அம்மாள்தான் சாட்சிக் கையெழுத்துப் போட்டாள். படம் பிடித்து அனுப்பினார். அதற்குள் அந்த எண் காலாவதியாகி, இன்னோர் எண் வர வேண்டியதாயிற்று.

“போனை அந்தப் பொண்ணுகிட்ட குடுங்க. நீங்க ஆறை ஒன்பதும்பீங்க” என்றாள் மனைவி.

கொடுத்தார். அந்தப் பெண், “சொல்லுங்கக்கா” என்றாள். எண்ணைக் குறித்துக்கொண்டாள். “நாற்பத்திரண்டுக்கா. கச்சிதமா இருந்துச்சாம். ஆமாக்கா. சரிக்கா, அப்படியே பண்ணிடறேன்” என்று சிரித்துக்கொண்டே போனைத் திருப்பித் தந்தாள். இவர் மாற்றும் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு முடிப்பதற்குள், உள்ளே போய்ச் சட்டையைப் பையில் போட்டு, வாயை ஒட்டிக் கொண்டுவந்து கொடுத்தாள். வெற்றி! பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தார். நல்ல வேளையாக மனைவி ஒன்றும் கேட்கவில்லை. பீரோவின் தலையில், பழைய ஃபைல்களுக்கு அடியில் ஒளித்து வைத்தார்.

வெள்ளிக்கிழமை காலை எட்டரைக்குப் பையைப் பிரித்தார்.

உள்ளே பச்சைச் சட்டை. அதே பச்சை. அளவு நாற்பத்திரண்டு.

“என்னம்மா இது?” என்று அலறிக்கொண்டே அடுக்களைக்கு ஓடினார்.

“என்ன, அளவு சரியா இல்லையா?”

“அளவு சரிதான். ஆனா நான் எடுத்தது சாம்பல்!”

“அளவுதான் பிரச்சினைன்னு சொன்னீங்க. பிரமாதமான நிறம்னு சத்தியம் வேற பண்ணீங்க. அதான் அதே நிறத்துல பெரிசாப் போடச் சொன்னேன்.”

“என் பழைய சாம்பல் சட்டை எங்கே?”

“அஞ்சும் வாளியில ஊறுது.”

ஒரிஜினல் நாற்காலியில் சரிந்தார். மனைவி கையைத் துடைத்துக்கொண்டு, உள்ளேயிருந்து ஒரு படத்தைக் கொண்டு வந்தாள். அலுவலகத்தின் பழைய குரூப் போட்டோ. சாம்பல் நிறச் சுவருக்கு முன்னால் முப்பது பேர்.

“இதுல நீங்க எங்கே இருக்கீங்க, காட்டுங்க?”

அவர் தேடினார். கண்ணாடியை ஏற்றியும் இறக்கியும் தேடினார். கடைசி வரிசையில், உடம்பு சுவரோடு சுவராகக் கரைந்துபோய், ஒரு தலை மட்டும் ஆணி அடித்து மாட்டியதுபோல் இருந்தது.

“பக்கத்து வீட்டு அக்காகிட்ட ஆசையாக் காட்டினேன். அன்னைக்கு உங்க வீட்டுக்காரர் லீவான்னு கேட்டாங்க” என்றாள். “இத்தனை வருஷம் உழைச்சு மேலே வந்திருக்கீங்க. இந்தத் தடவையாவது நீங்க தெரிய வேணாமா?”

தன்னை இவ்வளவு உற்றுப் பார்க்கிற ஒரு ஜீவன் உலகத்தில் உண்டு என்பதில் ஒரிஜினலுக்குச் சந்தோஷமாகவும் கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது. சட்டையைப் போட்டுக்கொண்டார். நடுப் பொத்தான் சமர்த்தாக மாட்டிக்கொண்டது.

பத்து மணிக்குப் போட்டோக்காரர், “பச்சைச் சட்டை சார், நடுவுல வாங்க!” என்றார். பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவையாக ஒரிஜினல் நடுவில் நின்றார். அவரை அறியாமல் சிரித்தும்விட்டார்.

அன்று மத்தியானம் கவுன்ட்டருக்கு வந்து, ‘அட்டை இல்லை’ என்று நாலு தடவை தானே எழுதித் திருப்பிய குறிப்பை வைத்து, ஜவுளிக் கடைப் பெண்ணின் அப்பாவுடைய ஃபைலைத் தேடி எடுத்துப் போன் போட்டார். “ஐயா, அட்டை இல்லைன்னாப் பரவாயில்லை. திங்கக்கிழமை வாங்க, ஒரு வழி பண்ணலாம்” என்றார். பக்கத்துக் கவுன்ட்டர்க்காரர் திரும்பி அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தவர் சட்டையைக் கழற்ற மனமில்லாமல் கண்ணாடி முன்னால் நின்றார்.

“ஒரு வகையில நீ பில்லைத் தொலைச்சதும் நல்லதுக்குத்தான்” என்றார் பெருந்தன்மையாக.

“யாரு தொலைச்சா?” என்று மனைவி கைப்பையைத் திறந்து, நாலாக மடித்த பில்லை எடுத்து அவர் கையில் வைத்தாள். “இது கையில இருந்திருந்தா பியூனை அனுப்பியிருப்பீங்க. அளவு பார்க்க உங்களைக் கடைக்குப் போக வைக்க எனக்கு வேற வழி?”