அரை மீசைக்கு நான் வருந்தவில்லை

என் கணக்கில் தவறு இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் எங்கள் குடும்பத்தில் பதினேழு பேர் இந்தக் கதையை வேறு மாதிரிச் சொல்கிறார்கள்.

போன வருடம் தங்கை மகள் மலருக்கு மாத்தளையில் கல்யாணம். தாய்மாமன் நான்தான் அவளைக் கைபிடித்து மணவறைக்கு அழைத்துப்போக வேண்டும். என் நாற்பத்தொரு வருட மீசையை அன்றைக்கு அப்பாவின் சவரக்கத்தியால் ஒதுக்குவதென்று முடிவு செய்தேன். கத்தியில் துரு. (துரு மட்டும்தான், கத்தி நல்ல கத்தி.)

"நம்ம பலாபத்வல ஊர்லயே மூணு சலூன் இருக்குங்க. இதோட ஏன் மல்லுக்கட்டுறீங்க?" என்றாள் மனைவி.

"நாலு" என்று திருத்திவிட்டு, சேன்ட் பேப்பரை நனைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

பக்கத்துக்கு முந்நூறு தேய்ப்பு. முதல் பக்கம் முடிந்தது. இரண்டாவது பக்கத்தில் 278-ஆ 279-ஆ என்ற இடத்தில் தங்கை போன் செய்தாள். "அண்ணே, பூமாலை எத்தன சொல்லணும்?" எண்ணிக்கை போய்விட்டது. சந்தேகக் கணக்கை ஒப்புக்கொள்ளும் ஆள் நானில்லை. அதே பக்கத்தை மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கி முந்நூறும் முடித்தேன்.

கல்யாணக் காலை. ஒரு பக்கம் தேய்ந்து கோணிப்போன கத்தி கன்னத்தில் வழுக்கியது, மீசையில் கடித்தது. இடது பாதி வாஷ்பேசினில் கிடந்தது.

"மத்த பாதியையும் எடுத்துடுங்க" என்றாள் மனைவி.

"முடியாது. அது ஒரு தப்பும் பண்ணல."

மண்டபத்தில் தங்கை அழுதேவிட்டாள். "நீங்க உள்ளயே இருங்கண்ணே. வேற யாராவது கூட்டிட்டுப் போகட்டும்."

"தாய்மாமன் நானா, மீசையா?" என்றேன்.

மலர்தான் வழி சொன்னாள். "மாப்பிள்ள வீட்டாளுங்க வலது பக்கம்தான் உக்காந்திருக்காங்க. மாமாவுக்கு வலது மீசை இருக்குல்ல? வாங்க மாமா."

முப்பத்து நான்கு அடி நடந்தோம். மாப்பிள்ளை வீட்டார் ஒருவரும் கவனிக்கவில்லை. நெஞ்சை நிமிர்த்தினேன். அப்போது ஐயர், "மணவறைய மூணு சுத்து வலமா கூட்டிட்டு வாங்க" என்றார்.

வலமாகச் சுற்றினால் வலது கன்னம் மணவறைக்கு, இடது கன்னம் சபைக்கு. எல்லாவற்றையும் எண்ணுகிற நான் இதை மட்டும் எண்ணவில்லை. முதல் சுற்றில் தலைகள் திரும்பின. இரண்டாவதில் முணுமுணுப்பு. மூன்றாவதில் சபையோடு சேர்ந்து மாப்பிள்ளையே சிரித்துவிட்டார். நான் நடையை மாற்றவில்லை. மலரும் என் கையை விடவில்லை.

இப்போது மலரின் தங்கைக்கு ஆவணியில் கல்யாணம். அழைக்க வந்த என் தங்கை வாசலிலேயே கேட்டாள்: "அண்ணே, இந்தத் தடவ எந்தப் பக்கம்?"

சிரிக்கட்டும். கத்தி பத்திரமாக இருக்கிறது. முதல் பக்கத்துக்கு இன்னும் 278 தேய்ப்புப் பாக்கி.

(அல்லது 279.)