குடத்துக்குள் நிற்கும் முதலாளி

தியாகராய நகர்,
வியாழக்கிழமை மதியம்.

மரியாதைக்குரிய அத்தான் அவர்களுக்கு, உங்கள் மைத்துனன் சண்முகவேல் கைகூப்பி எழுதுவது. இங்கே நான், சுந்தரவல்லி, மகள் ஸ்வர்ணலதா, கடை எல்லாம் சுகம். அங்கே நீங்களும் அக்காவும் அக்காவின் முழங்காலும் உங்கள் சிவகாசி அச்சு மெஷின்களும் ஒரு குறையும் இல்லாமல் ஓட முருகன் துணை. போனில் சொல்லாமல் எதற்கு இவன் கடிதம் எழுதுகிறான் என்று நினைப்பீர்கள். போனில் நான் பாதி சொல்வதற்குள் நீங்கள் சிரிக்கிறீர்கள், மீதிப் பாதியை அக்கா பிடுங்கிக்கொண்டு சுந்தரவல்லி இருக்காளா என்கிறாள். கடிதத்தை யாரும் பிடுங்க முடியாது. அதுவும் போக, இந்தக் கவருக்குள் விரல் நகம் அளவு மெமரி கார்டு ஒன்று வருகிறது. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் படத்தைக் கசக்கிப் பிழிந்துதான் அனுப்புமாம், ஸ்வர்ணம் சொன்னாள், அதனால்தான் கார்டாகவே பஸ் பார்சலில் போடுகிறேன். அதை மொட்டையாக அனுப்ப மனசில்லை. அதற்குள் இருப்பது உங்கள் மாப்பிள்ளை தன் கையால் எடுத்த படங்கள்.

சித்திரையில் உங்கள் வீட்டுக் கிரகப்பிரவேசப் பந்தியில் நடந்ததை நான் மறக்கவில்லை. சென்னைக்கு வந்து கூட்டத்தில் இடிபட முடியாத குடும்பங்களுக்காக ஸ்வர்ணம் ஒரு சீர்வரிசைப் புத்தகம் தயார் செய்கிறாள், அண்டாவிலிருந்து டபரா செட் வரை படத்தோடு, பார்த்து ஆர்டர் போட்டால் வீட்டுக்கே போய்விடும், படங்களை நானே எடுக்கப்போகிறேன் என்று சொன்னேன். நீங்கள் ரசத்தை விட்டுக்கொண்டே என்ன சொன்னீர்கள்? "மாப்ள, எவர்சில்வர் விக்கிறது வேற, படம் புடிக்கிறது வேற. கோடம்பாக்கத்துல ஒரு ஆளப் புடிச்சு எடு. நீ எடுத்தத நான் அட்டையில போடமாட்டேன்." பந்தி முழுக்கச் சிரித்தது. பாயசம் வந்ததா வரவில்லையா என்றுகூட எனக்குத் தெரியாது. பாத்திரத்தில் பேர் வெட்டுகிற மெஷினை நானே ஓட்டிக் கற்றேன், ஜி.எஸ்.டி. கணக்கை நானே போட்டுக் கற்றேன், இந்தக் கேமரா மட்டும் கோடம்பாக்கத்துக்காரனுக்கு எழுதிக் கொடுத்ததா என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். ஆடிப்பெருக்கு வந்தால் காலண்டர் வேலை ஆரம்பித்துவிடும், அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை படம் வராவிட்டால் மெஷினில் நம் புத்தகத்துக்கு இடமில்லை என்று நீங்கள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால், ஆவணி முகூர்த்தத்துக்குள் புத்தகம் வருவதும் ஸ்வர்ணத்தின் ஒரு வருட உழைப்பும் என் தலையில் வந்து உட்கார்ந்தன.

மவுண்ட் ரோடு பக்கம் ஒரு கேமரா கடைக்குப் போனேன். ராகேஷ் என்று ஒரு விற்பனைப் பையன், நல்ல பையன்தான், ஆனால் உள்ளங்கை அளவு ஒன்றை எடுத்து வைத்து இதுதான் சார் லேட்டஸ்ட், கண்ணாடி இல்லாத கேமரா என்றான். உள்ளே இருக்க வேண்டிய கண்ணாடியை எடுத்துவிட்டு விலையை ஏற்றுவது என்ன நியாயம் என்று கேட்டேன். மூடி இல்லாத குக்கரை மூடியுள்ள குக்கரைவிட அதிக விலைக்கு நான் விற்றால் உஸ்மான் ரோட்டில் நடமாட விடுவார்களா? நம் தொழிலில் எடைதான் பேசும், உங்களுக்குத் தெரியாததா. கடையில் இருக்கிற கேமராவை எல்லாம் எடுத்து வைக்கச் சொல்லி, ஒவ்வொன்றாகக் கையில் தூக்கி ஏந்திப் பார்த்து, எது மணிக்கட்டை இழுத்ததோ அதை எடுத்தேன். தராசு இருக்கா தம்பி என்று கேட்டதற்கு அந்தப் பையன் மேனேஜரைக் கூப்பிட்டான். அப்புறம் பில் போடும்போதுதான் தெரிகிறது, லென்ஸ் தனியாம். கண் இல்லாத தலையை விற்கிறார்கள் அத்தான். வாங்கினேன். ஒன்று மட்டும் பெருமையாகச் சொல்ல வேண்டும். லென்ஸின் துவாரத்துக்கு ஒரு நம்பர் உண்டு, நம்பர் குறையக் குறைய துவாரம் பெரிசு, இது நிறையப் பேருக்குத் தலைகீழாகத்தான் புரியும் என்று ராகேஷ் பயந்து பயந்து ஆரம்பித்தான். தகட்டுக்கு கேஜ் மாதிரிதானே தம்பி, நம்பர் குறைந்தால் தகடு கனம் என்றேன். பையன் பேச்சை நிறுத்திவிட்டு எனக்கு டீ வரவழைத்தான்.

அட்டைக்கு நம் பெரிய குடம் என்று எப்போதோ முடிவானது. கடை தொடங்கிய நாளிலிருந்து பாத்திரம் துடைக்கிற முனியம்மாள் அதைப் பளபளவென்று துடைத்து வைத்தாள். சனியன், ஆடி மாசப் புழுக்கம், நான் பனியனோடு நின்று எடுத்தேன். கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தால் குடத்தின் நட்டநடுவில் நான். பனியன், தொப்பை, மேலே கேமரா. குடத்தின் வளைவில் தொப்பை மட்டும் இன்னும் இரண்டு சுற்றுப் பெருத்து முன்னால் வருகிறது. மெகாபிக்சல் அதிகமாக இருந்தால் படம் நல்லா வரும் என்று நம்பித்தான் அத்தனை மெகாபிக்சல் வாங்கினேன். நல்லாத்தான் வந்தது. பெரிசாக்கிப் பார்த்தால் பனியனில் இருந்த சாம்பார்ப் பொட்டைக்கூட எண்ணலாம். முனியம்மாள் எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னா நைனா, குடத்தப் புடிக்கிறியா, தொப்பையப் புடிக்கிறியா?" என்றாள். நீயும் ஒரு சிரிப்புச் சிரிச்சுக்கோ என்று விட்டுவிட்டேன். ஆனால் யோசனை கேட்க உங்களுக்கு அனுப்பிய அந்தப் படத்தை நீங்கள் குடும்பக் குழுவில் போட்டதை மட்டும் நான் விடமாட்டேன். மதுரைச் சித்தப்பா வரைக்கும் கூப்பிட்டு, குடத்துக்குள்ள சௌரியமா இருக்கியாப்பா என்று விசாரித்தார். வந்த கோபத்தில் கார்டில் இருந்ததை எல்லாம் ஒரேயடியாக அழித்துவிட்டேன்.

அடுத்தது ஃபில்டர். லென்ஸ் முன்னால் ஒரு கறுப்புக் கண்ணாடியை மாட்டித் திருகினால் பிரதிபலிப்பு எல்லாம் மறைந்துவிடும் என்று யாரோ யூடியூபில் சத்தியம் செய்தான். வாங்கி மாட்டித் திருகினேன். பக்கத்தில் இருந்த ஷோகேஸ் கண்ணாடியின் மினுமினுப்பு போய்விட்டது, நிஜந்தான். குடத்தில் நான் அசையவில்லை. குடத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஆட்டோ பிடித்து ராகேஷிடம் போய் இறக்கினேன். அவன் என் முகத்தையும் குடத்தில் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "சார், இது தண்ணிக்கும் கண்ணாடிக்குந்தான் கேக்கும். உலோகத்துக்குக் கேக்காது" என்றான். அதை விற்கிறபோது சொல்லக்கூடாதா தம்பி என்றேன். நீங்க பாத்திரக் கடைன்னு சொல்லவே இல்லையே சார், தராசு கேட்டதும் நகைக் கடைன்னு நெனச்சேன் என்கிறான். கோபம் வரவில்லை. வியாபாரத்தில் நானும் அப்படித்தான் சமாளித்திருப்பேன்.

பக்கத்தில் நின்றால்தானே நான் தெரிவேன், தூரத்தில் நின்று இழுத்து எடுத்தால் தெரியமாட்டேன் என்று அடுத்த யோசனை. முழங்கை நீளத்துக்கு ஒரு லென்ஸை வாடகைக்கு எடுத்து, குடத்தைக் கடை வாசலில் ஸ்டூல் மேல் வைத்து, நான் தெருவைத் தாண்டி எதிர்ச் சாரியில் போய் நின்றேன். நம் தெருவைத்தான் பார்த்திருக்கிறீர்களே, ஒரு நிமிஷம் ஆள் நடக்காமல் இருந்தால் அன்றைக்கு பந்த் என்று அர்த்தம். குடத்தை எடுத்தால் கட்டைப்பை வருகிறது, கட்டைப்பை போனால் ஐஸ்க்ரீம் வண்டி வருகிறது. இதற்கு நடுவே ஒரே ஒரு படம் விழுந்தது, பிரமாதம், நான் ஒரு புள்ளியாகக் குறைந்துவிட்டேன். ஆனால் பெரிசாக்கிப் பார்த்தால் தெரு முழுக்கக் குடத்துக்குள் வந்து நிற்கிறது. அதிலும் எனக்கு எதிர்க்கடை, நம்ம தொழிலே செய்கிற தணிகாசலத்தின் போர்டு. எழுத்து இடவலமாக மாறியிருக்கிறதே ஒழிய 'ஆடித் தள்ளுபடி' என்பது சுத்தமாகப் படிக்க முடிகிறது. என் குடத்தில் அவன் தள்ளுபடி. நான் அவன் வாசலிலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்ததால் அவனும் வந்து தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தான். "இன்னா மொதலாளி, சும்மா சொல்லக்கூடாது, என் போர்ட நானே இவ்ளோ க்ளீனா புடிச்சதில்ல. எனக்கு ஒரு காப்பி அனுப்பு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டான்.

இதற்குள் புதன்கிழமை ஆகிவிட்டது. ஸ்வர்ணம் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. எழுதி முடித்த பக்கங்களை விரித்து வைத்துக்கொண்டு, படம் வரவேண்டிய கட்டங்கள் எல்லாம் காலியாகக் கிடக்க, "அப்பா, கோடம்பாக்கத்துல ஒருத்தர் நாளைக்கே வர்றேங்கிறார். சரின்னு சொல்லிடட்டுமா?" என்று மெதுவாகத்தான் கேட்டாள். ஒரு மணி நேரம் கொடும்மா என்றேன். குடோனுக்குப் போய்க் குடத்துக்கு எதிரே உட்கார்ந்தேன். முப்பது வருஷமாக எவர்சில்வர் விற்கிறேன், அப்போதுதான் உறைத்தது. பச்சைச் சுவர்ப் பக்கம் திருப்பினால் குடம் பச்சை. அட்டைப்பெட்டிப் பக்கம் திருப்பினால் பழுப்பு. குடத்துக்கென்று சொந்த நிறமே கிடையாது, எதைப் பார்க்கிறதோ அதைத்தான் காட்டுகிறது. அப்படியானால் கோளாறு கேமராவிலும் இல்லை, லென்ஸிலும் இல்லை, எடையிலும் இல்லை, குடத்துக்கு நாம் காட்டுகிற காட்சியில் இருக்கிறது. வெள்ளையைத் தவிர ஒன்றும் பார்க்காதபடி அதை அடைத்துவிட்டால்?

எட்டு முழ வேட்டி ஐந்தாறு எடுத்தேன், எல்லாம் புதிசு, அதில் ஒன்று உங்கள் கிரகப்பிரவேசத்துக்கு நீங்கள் எடுத்துக் கொடுத்தது. நாலு பக்கமும் மேலேயும் கட்டி, குடத்தை நடுவில் வைத்து, கேமரா மூக்கு நுழைகிற அளவுக்கு நீங்கள் கொடுத்ததில்தான் ஓட்டை போட்டேன், மன்னிக்க வேண்டும், அதுதான் நெருக்கமான நெசவு. வேட்டிக்கு வெளியே இரண்டு பக்கமும் விளக்கு. எடுத்தேன். ஆள் இல்லை, தொப்பை இல்லை, தெரு இல்லை, தணிகாசலம் இல்லை. குடம் மட்டும். சுந்தரவல்லி கோயிலில் நிற்கிற மாதிரி நின்று பார்த்தாள். ராகேஷுக்குப் படம் போட்டதும் போனே செய்துவிட்டான், சார் இதற்கென்றே தனியாகக் கூடாரம் விற்கிறோம், நீங்கள் வேட்டியிலேயே கண்டுபிடித்துவிட்டீர்களே என்றான். ராத்திரி வரைக்கும் உட்கார்ந்து அண்டா, தவலை, தூக்கு, சம்படம் எல்லாவற்றையும் வேட்டிக்குள் விட்டு எடுத்தேன். ஸ்வர்ணம் கோடம்பாக்கத்துக்காரரை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டாள். அத்தனை படமும் இந்தக் கார்டில் இருக்கிறது. அட்டையில் போடமாட்டேன் என்றீர்களே, போட்டுப் பாருங்கள். உள்பக்கத்தில் சின்ன எழுத்தில் 'படங்கள்: சண்முகவேல்' என்று வரட்டும். ரொம்பச் சின்னதாக வேண்டாம்.

அக்காவுக்கு என் வணக்கம். முழங்காலுக்கு எண்ணெய் தேய்ப்பதை நிறுத்த வேண்டாம். பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம், மெஷின்களுக்கு ஆயுள், உங்களுக்கு என்றும் என் மரியாதை.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மைத்துனன்,
சண்முகவேல்.

பின்குறிப்பு: கவருக்குள் கார்டைத் தேடாதீர்கள், எடுத்துவிட்டேன். கவரை ஒட்டப்போகிற சமயத்தில் ராயப்பேட்டை ஜமீலுன்னிசா அம்மா வந்தார்கள், அவர்கள் வீட்டுப் பெண்கள் அத்தனை பேர் கல்யாணத்துக்கும் நம் கடைப் பாத்திரம்தான். பெருமையாகக் கம்ப்யூட்டரில் படங்களைக் காட்டினேன். ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, "இன்னா அண்ணே, அலுமினியத்துக்கு மாறிட்டீங்களா?" என்றார்கள். எவர்சில்வர்தாம்மா என்றேன். "எவர்சில்வர்னா மூஞ்சி தெரியணுமே. இது சுண்ணாம்பு அடிச்ச மாரி கீது" என்றார்கள். ஸ்வர்ணம் போனில் நீங்கள் குழுவில் போட்ட அந்தப் பனியன் படம் இருந்தது, எதற்கு எடுத்துக் காட்டினாள் தெரியவில்லை. "பாரு, இதான் எவர்சில்வர். இந்தக் குடத்துல எனக்கு ஒண்ணு குடு, பெரிசுல" என்றார்கள். கடைக்கு வருகிற ஒவ்வொரு பெண்ணும் பாத்திரத்தைத் தூக்கித் தன் முகத்தைப் பார்த்து, பொட்டைச் சரி பண்ணிக்கொண்டு, அப்புறம்தான் விலை கேட்கிறாள். இத்தனை வருஷம் பார்த்தவன் நான், வேட்டியைக் கட்டி அதையே மறைத்துவிட்டேன். அந்தப் படத்தின் ஒரிஜினலையும் கோபத்தில் அழித்துத் தொலைத்தேன், உங்களிடம் இருப்பது கசக்கிப் பிழிந்தது, அட்டைக்கு ஆகாது. ஆகவே மறுபடியும் எடுக்கப்போகிறேன், வேட்டி இல்லாமல், அதாவது கூடாரம் இல்லாமல். அட்டையில் குடமும் இருக்கும், குடத்தில் கடை முதலாளியும் இருப்பான், இந்தத் தெருவில் யார் அட்டையிலும் இதுவரை அப்படி இல்லை. ஸ்வர்ணம் சரி என்றுவிட்டாள். வெள்ளிக்கிழமை என்றதைத் தயவுசெய்து செவ்வாய்க்கிழமை ஆக்கிக்கொள்ளுங்கள் அத்தான். சட்டை இருக்கிறது, முடிதான் வெட்டிக்கொள்ள வேண்டும், வியாழன் வெள்ளி சனியில் வெட்டக்கூடாது என்கிறாள் சுந்தரவல்லி.