பெலான் இறக்கி வைத்த பெட்டி

லாரியிலிருந்து ஒரு தலையணையைக்கூடச் சத்தமில்லாமல் இறக்கத் தெரியாத மனிதர் இந்த உலகத்தில் ஒரே ஒருவர்தான் இருந்திருக்க முடியும். தானுண்டு தன் வேலையுண்டு என்று சுமை தூக்குகிறவர்கள் சிங்கப்பூரில் எத்தனையோ பேர் இருந்தார்கள். நான் வீடு மாறியபோது எனக்கென்று வாய்த்தவர் அவர்தான்.

தேக்கா சந்தைக்கு எதிரே, ஐந்தடி நடைபாதையில், தலையில் முண்டாசோடு உட்கார்ந்திருப்பார். சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. பீரோவைத் தூக்கினாலும் சரி, பூந்தொட்டியைத் தூக்கினாலும் சரி, "பெலான், பெலான்" என்பார். மலாயில் அதற்கு 'மெதுவாக, மெதுவாக' என்று அர்த்தம். அதை அவர் சொல்கிற சத்தத்தில் சந்தைக்குள் இருக்கும் கோழிகள் கூண்டோடு நகர்ந்து உட்காரும். ஆகவே ஊருக்கே அவர் பெலான்.

சாமானை இறக்குவதோடு அவர் வேலை முடியாது. ஒவ்வொன்றையும் புதுத் தெருவுக்கு அறிவித்தே தீருவார். முதலில் தமிழில், பிறகு மலாயில், பிறகு அவராகவே ஒட்டுப்போட்டு வைத்திருந்த ஹாக்கியன் சீனத்தில்.

சிராங்கூன் ரோட்டை ஒட்டிய சந்து ஒன்றுக்கு ஒரு தலைமைக் குமாஸ்தா குடிவந்தார். பெரிய படிப்பாளி என்று பேர். பெலான் அவருடைய பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு, "புத்தகம்! அத்தனையும் புத்தகம்! கடையில கட்டுன கயிறு அப்படியே இருக்கு!" என்று முழங்கினார். அதற்கப்புறம் அந்தச் சந்தில் யாரும் குமாஸ்தாவிடம் சந்தேகம் கேட்கப் போகவில்லை. இன்னொரு வீட்டில், "ஆர்மோனியம்! அம்மா பாடுவாங்க!" என்று சொன்னதுதான் தாமதம், எதிர் வரிசையில் ஜன்னல்களைச் சாத்த ஆரம்பித்துவிட்டார்கள். வேறொரு வீட்டில், "மாமியார் கட்டில்! இந்தக் கனத்தைப் பார்த்தா திரும்பிப் போறதுக்கு வந்த மாதிரி தெரியல!" என்றார். மாப்பிள்ளை சிரித்துத் தொலைத்தார். மாமியார் அதைப் பார்த்துவிட்டார். பிறகு அந்த வீட்டுக்குள் நடந்ததைப் பெலான்கூட அறிவிக்கவில்லை.

இவ்வளவும் தெரிந்து ஏன் அவரைக் கூப்பிட்டாய் என்று கேட்பீர்கள். எங்களுக்குத் தோ பாயோவில் கிடைத்த அடுக்குமாடி வீடு ஆறாவது மாடி. லிஃப்டில் பீரோ நுழையாது. ஆறாவது மாடி என்றதுமே மற்ற ஆட்களுக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. பெலான் மட்டும், "மேல போனா இன்னும் நல்லாக் கேக்கும் லா" என்று துள்ளி எழுந்தார்.

என் கவலை பீரோவைப் பற்றியது அல்ல, என் மனைவி சரோஜாவைப் பற்றியது. தேக்காவைத் தாண்டி அவள் தனியாக எங்கும் போனதில்லை. நான்கு மாதக் கர்ப்பம் வேறு. லாரியில் டிரைவருக்கும் எனக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு, தன் தகரப் பெட்டியை மடியில் இறுக்கிப் பிடித்தபடி, திட்டவட்டமாகச் சொல்லிவிட்டாள்.

"இந்தப் பெட்டியை நான் பிரிக்க மாட்டேங்க. ஒரு வாரம் பார்ப்பேன். பேச ஒரு ஜனம் இல்லேன்னா ஜொகூர்ல அண்ணன் வீட்டுக்குப் போயிடுவேன். பிரசவம் முடிஞ்சப்புறம்கூட வருவேனான்னு தெரியாது."

பின்னால் சாமான்மேல் உட்கார்ந்திருந்த பெலானுக்கும் காது இருக்கிறது என்பது எனக்குத் தோன்றவில்லை.

புது பிளாக் வாசலில் லாரி நின்றது. நான் அவசரமாக இறங்கிப் போய்ப் பெலானின் கையைப் பிடித்துக்கொண்டேன். "அண்ணே, இன்னிக்கு மட்டும் சத்தம் வேணாம். வீட்ல கொஞ்சம் கூச்சப்படுவாங்க."

"நீங்க கவலைப்படாதீங்க தம்பி," என்று குனிந்து ரகசியமாகச் சொன்னார். நிமிர்ந்தார்.

"கட்டில்! ஒரு கால் ஆடுது!"

அப்புறம் அதையே மலாயில், "கத்தில்! காக்கி சாத்து ரோசாக்!" அப்புறம் ஹாக்கியன். மாடி மாடியாகத் தலைகள் எட்டிப் பார்த்தன. "அடுப்பு! திரி தீஞ்சு போச்சு!" "மெத்தை! வெயில்ல போடணும்!" சரோஜா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். "தொட்டில்! புதுசு! ஆள் இன்னும் வரல, வந்துக்கிட்டு இருக்கு!" என்றதும் மூன்றாவது மாடியில் யாரோ கைதட்டினார்கள். நான் பீரோவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

கடைசியாக அவள் மடியிலிருந்த பெட்டியை வாங்கித் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தார்.

"இது தங்கச்சி பெட்டி! இதைப் பிரிக்க மாட்டாங்களாம்! பேச ஆள் இல்லேன்னா அண்ணன் வீட்டுக்குப் போயிடுவாங்களாம்!"

அதையும் மூன்று பாஷையிலும் சொன்னார். சரோஜா என்னைப் பார்த்த பார்வையில், ஒரு வாரம்கூட வேண்டாம், இதே லாரியிலேயே ஜொகூருக்குப் போய்விடுவாள் என்று தெரிந்தது.

அடுப்பைக்கூட வைத்து முடிக்கவில்லை, கதவைத் தட்டும் சத்தம். நாலாவது மாடிச் சீனத் தச்சர் சுத்தியலோடு நின்றார். நேராக உள்ளே வந்து, கட்டிலைக் கவிழ்த்து, காலைச் சரிசெய்துவிட்டுப் போனார். அடுத்த வீட்டு மாக்சிக், பெரியம்மா மாதிரி ஒரு மலாய்க்கார அம்மா, கையில் அடுப்புத் திரியோடும் ஒரு தட்டு வாழைப்பழ வடையோடும் வந்தார். வந்ததும் சரோஜாவின் வயிற்றைத் தடவிப் பார்த்தார். அப்புறம் மூலையில் இருந்த தகரப் பெட்டியைக் காட்டி, வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

மறுநாளிலிருந்து ஆரம்பித்தது. காலையில் கதவைத் திறந்தால் மாக்சிக், "பெட்டி சூடா பூக்கா?" என்பார், பிரித்தாயிற்றா என்று. கடைக்குப் போக இறங்கினால் தச்சரின் மனைவி கையாலேயே பெட்டி மூடியைத் திறந்து காட்டிக் கேட்பாள். கீழ்மாடித் தமிழ்க் குடும்பம் படியேறி வந்து கேட்டது. பதில் சொல்லிச் சொல்லியே சரோஜாவுக்கு வாய் வலித்தது. பேச ஆள் இல்லை என்று சொல்ல அவளுக்கு நேரமே கிடைக்கவில்லை. வாரக் கடைசியில், "இவங்க தொல்லை தாங்க முடியலங்க," என்று அலுத்துக்கொண்டே பெட்டியைப் பிரித்துப் புடவைகளைப் பீரோவில் அடுக்கினாள். நான் காப்பி போட்டுக் கொடுத்தேன். அன்றைக்குப் பெலான் எதிரில் இருந்திருந்தால் காலில் விழுந்திருப்பேன்.

எங்கள் மகள் நடக்கத் தொடங்கிய சமயம், பெலான் குடியிருந்த பழைய மாடி இடியும் நிலைக்கு வந்துவிட்டது. அவருக்கு எங்கள் பிளாக்கிலேயே கீழே ஓர் அறை கிடைத்தது. வருகிறார் என்று கேள்விப்பட்டுக் குடும்பத்தோடு இறங்கிப் போனோம்.

லாரியில் ஒரு பெட்டியும் ஒரு பாயும் இருந்தன. பெலான் பக்கத்தில் வாயைத் திறக்காமல் நின்றார். அவரை அப்படிப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை.

"என்னண்ணே, சத்தத்தையே காணோம்?"

"எனக்கென்ன தம்பி இருக்கு சொல்றதுக்கு?" என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு.

சரோஜா குழந்தையை என் கையில் திணித்தாள். அந்தப் பெட்டியை எடுத்துத் தலைக்குமேல் தூக்கினாள். ஒரு காலத்தில் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டவள்தான்.

"ஒரு பெட்டி! ஒரு பாய்! ஆள் தனி ஆள்! சோறு வடிக்கத் தெரியாது! தங்கமான மனுஷன்!"

பிறகு மாக்சிக்கிடம் கற்ற மலாயில். பிறகு தச்சர் மனைவியிடம் கற்ற ஹாக்கியனில். மாடி மாடியாகத் தலைகள் எட்டிப் பார்த்தன. மாக்சிக் ஆறாவது மாடியிலிருந்தே, "சோறு நான் தர்றேன்!" என்று மலாயில் கத்தினார்.

பெலான் முண்டாசை அவிழ்த்து முகத்தை மூடிக்கொண்டார். "பெலான், தங்கச்சி, பெலான்..." என்றார். பக்கத்தில் நின்ற எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

பெட்டியை அன்றைக்கே பிரித்துவிட்டார்.