என் பெயருக்கு மேலே அருளப்புவின் முகம்

தில்லையடி,
புத்தளம்.

அன்பு மருமகன் ஹுனைஸுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் உன் மாமி றுக்கியாவும் நலம். கொழும்பில் நீயும், நீ வேலை செய்யும் ஐஸ்கிறீம் கம்பனியும் நலமாயிருக்க துஆச் செய்து வந்தோம். கம்பனிக்கான துஆவை இன்றோடு நிறுத்திவிட்டேன்.

நீ அனுப்பிய கம்பனி வரலாற்றுப் புத்தகம் கிடைத்தது. நல்ல வழுவழுப்பான தாள். வெள்ளைக்காரன் காலத்தில் பெரிய முதலாளி கைமெசினைச் சுற்றி முதல் ஐஸ்கிறீம் செய்த கதை பக்கம் பக்கமாக ஓடுகிறது, அந்த மெசினுக்குத் தனியாக ஒரு படம் வேறு. தொண்ணூறாம் ஆண்டுக்கு மட்டும் ஒரேயொரு வரி: 'போக்குவரத்துச் சிரமங்களால் வடக்கு விநியோகம் தற்காலிகமாக நின்றது.' அட அல்லாஹ்வே! இயக்கத்து ஆக்கள் துவக்கோடு வந்து முஸ்லிம்கள் எங்களை மன்னாரிலிருந்து விரட்டினது போக்குவரத்துச் சிரமமா? இந்தக் கம்பனிக்காக நான் மன்னாரில் விற்றுத் திரிந்த சைக்கிள் பெட்டியில் மிஞ்சியிருந்த ஐஸ்கிறீமை, கற்பிட்டிக்கு வந்த வள்ளத்தில் அழுத பிள்ளைகளுக்குக் கரையக் கரைய ஊட்டினேனே, அதுவும் விநியோகம்தானே, ஏன் எழுதவில்லை?

சரி, அதை விடு. அந்தப் பெட்டியோடு நான் நின்ற படம் ஒன்றுகூட இன்று இல்லை, எல்லாம் மன்னார் வீட்டோடு போச்சு. 'புத்தகத்துல உங்கட படம் வரும் மாமா' என்று நீ சொன்னதும், பேரப்பிள்ளைகள் பார்க்க ஒன்றாவது இருக்குமே என்று சந்தோஷப்பட்டேன். உன்ட ஆக்கள் எப்ப வந்தாங்க? நோன்பு மாசம், பட்டப்பகல்! கம்பனித் தொப்பியை என் தலையில் போட்டுவிட்டு, ஐஸ்கிறீமைக் கையில் தந்து, 'ஒரு நக்கு நக்குங்க அங்கிள்' என்கிறான் படம்பிடிக்கிற பொடியன். நோன்பென்றேன். 'விழுங்கத் தேவையில்ல, நாக்குல வச்சாக் காணும்' என்கிறான். நாக்கு மட்டும் நோன்பு பிடிக்கல்லையா? மஃரிபுக்கு நோன்பு திறக்கும் மட்டும் பொறுங்க என்று சொல்லி உள்ளே போனேன். வெளிச்சம் பார்க்கவென்று அந்தத் தொப்பியை வேன் ஓட்டி வந்த அருளப்புவின் தலையில் வைத்து ஒரு படம் பிடித்தார்களாம். பாங்கு சொல்லி, நோன்பு திறந்து, வாய் கொப்பளித்து, தலையும் சீவிக்கொண்டு வெளியே வந்தால் வேனுமில்லை, ஐஸ்கிறீமுமில்லை.

இப்போது புத்தகத்தில் என் பெயர், அதற்கு மேலே அருளப்பு! கண்ணை மூடிக்கொண்டு நக்குகிறான், கழுத்தில் சிலுவைச் சங்கிலி மின்னுகிறது. பள்ளிவாசலில் முத்தலிபு நானா பார்த்துவிட்டு, 'அபூசாலி, இது எப்பயிருந்து?' என்று கேட்கிறார். உன் மாமியோ, 'ஆனா இந்த முகம் உங்கட முகத்தை விடக் களை' என்கிறாள். வயிறெரியுது ஹுனைஸ். நான் மௌத்தானபிறகு பேரப்பிள்ளைகள் அருளப்புவைக் காட்டியா மூத்தவாப்பா என்று சொல்வது?

அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டு என் முகத்தோடு புதிதாக அச்சடிக்கச் சொல். இல்லாவிட்டால் பெருநாளைக்கு இந்த வாசலை மிதிக்காதே.

உனக்கும் பிள்ளைகளுக்கும் அல்லாஹ் நீண்ட ஆயுளையும், அந்தப் பொடியனுக்குக் கொஞ்சம் புத்தியையும் தரட்டும்.

உன் மாமா,
அபூசாலி

பிற்குறிப்பு: கடிதத்தை ஒட்டப்போன நேரம் உன் மாமி படத்துக்குக் கீழே இருந்த வரியை முழுசாகச் சத்தமாக வாசித்தாள்: 'எமது மன்னார் முகவர் அபூசாலி.' இங்கே வந்த நாளிலிருந்து என்னை அகதி என்றார்கள், இடம்பெயர்ந்தவன் என்றார்கள். சண்டை முடிந்து ஊருக்குப் போனால் அங்கே 'புத்தளத்தாக்கள் வந்திருக்காங்க' என்கிறார்கள். அச்சில் என்னை மன்னாரான் என்று போட்டது இந்த ஐஸ்கிறீம்காரன் மட்டும்தான். ஒன்றும் திருத்தாதே வாப்பா. முகத்தைத் திருத்தப்போய் ஊரையும் வெட்டிப்போடுவாங்க.