காலி அறையிடம் சொல்லிக்கொண்டு வருகிறவர்

உலகத்தில் எல்லோரும் உள்ளே நுழையும்போதுதான் குரல் கொடுப்பார்கள். வெளியே வரும்போது குரல் கொடுக்கிற ஒரே மனிதர் எங்கள் கதவு பாய்தான். திருச்சிக்கு மலைக்கோட்டை, எங்கள் ஆஸ்பத்திரிக்குக் கதவு பாய். இதை எங்கே வேண்டுமானாலும் சொல்வேன்.

புற்றுநோய்க்குக் கதிர் சிகிச்சை தரும் பிரிவில் அவர் பாதுகாப்பு அதிகாரி. நான் மெஷினை இயக்குகிறவள். முகத்துக்கு நேரே ‘சார்’, முதுகுக்குப் பின்னால் ‘கதவு பாய்’. கதிர் பாயும்போது அறையில் நோயாளியைத் தவிர ஈ, காக்காய் இருக்கக் கூடாது. அதனால் கடைசியாக வெளியே வருகிறவர் சுற்றிப் பார்த்து, உள்சுவரில் உள்ள பொத்தானை அழுத்திவிட்டுச் சட்டென்று வந்து கதவைச் சாத்த வேண்டும். தாமதித்தால் மெஷின் ஓடாது. எல்லாம் மறுபடி முதலிலிருந்து. எங்களுக்கு இது வேலை, பாய்க்கு விரதம். நோயாளி படுக்கும் மேஜைக்கு அடியில் குனிவார், திரையை விலக்குவார், “உள்ள யாராவது இருக்கீங்களா?” என்று கட்டடம் அதிரக் கூப்பிடுவார். வாசலுக்கு வருவதற்குள் நேரம் முடிந்துவிடும். கொஞ்சமும் அலுத்துக்கொள்ளாமல் திரும்பிப் போய் மறுபடி கூப்பிடுவார்.

ஆஸ்பத்திரியோடு விட்டாரா? காந்தி மார்க்கெட்டில் வெங்காய மண்டிக்காரர் ஷட்டரை இறக்கப் போக, இவர் தலையை உள்ளே விட்டுக் குரல் கொடுத்திருக்கிறார்.

“பாய், கடைக்காரன் நான் வெளியதான் நிக்கிறேன். உள்ள வெங்காயம்தான் இருக்கு!”

“இருக்கட்டுங்க. கேட்டுட்டுப் பூட்டுனா என்ன நஷ்டம்?”

கே.கே. நகரில் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தவர், கிளம்பும்போது குளியலறைக் கதவைத் தட்டிப் பார்த்தார். உள்ளே சோப்பும் கையுமாக என் கணவர் இருந்தார் என்பது வேறு விஷயம்.

போன வருஷம் ஸ்ரீரங்கத்திலிருந்து ஒரு மாமி வந்தார். மார்பில் கட்டி, ஆபரேஷன் முடிந்து கதிர் சிகிச்சை. முதல் நாள் அந்தக் கனத்த கதவு நகர ஆரம்பித்ததுமே மேஜையிலிருந்து எழுந்துவிட்டார். “தனியா நேக்கு முடியாது. உசிரு போனாலும் போகட்டும்.” தள்ளிப்போட்டால் நோய் திரும்பிவிடும் என்று டாக்டர் கெஞ்சிப் பார்த்தார். மாமி அசையவில்லை.

மறுநாள் அதே மாமி பேசாமல் வந்து படுத்தார். எங்களுக்கே ஆச்சரியம். பாய் வழக்கம்போல் அறையைச் சுற்றக் கிளம்பினார். வாசலுக்கு வரும் நடை ஓரிடத்தில் வளையும். அங்கே விரிப்பு அடுக்கும் ஸ்டாண்டுக்குப் பின்னால் மாமியின் கணவர் ஒடுங்கி நின்றுகொண்டிருந்தார்.

“மாமா, இங்க என்ன பண்றீங்க?”

“இவ பயப்படறாளேன்னு... நான் பாட்டுக்கு ஓரமா நின்னுக்கறேன். இந்த வயசுல நேக்கு என்ன ஆயிடப்போறது?”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நானாக இருந்தால் கத்தியிருப்பேன். பாய் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

“வைத்தியம் அவங்களுக்குத்தான் மாமா, உங்களுக்கு இல்ல. வெளிய இருந்தே துணையா இருக்கலாம், வாங்க.”

மாமியையும் இறக்கி வெளியே கூட்டிவந்தார். காலி அறையில் மெஷினை ஓடவிட்டு, வெளியே கதவைத் திறக்கும் பொத்தானை மாமியையே அழுத்தச் சொன்னார். கதவு அசைந்ததும் மெஷின் நின்றது, வாசல் மேல் எரிந்த சிவப்பு விளக்கும் அணைந்தது.

“நடுவுல நான் பயந்துண்டா?”

“கையைத் தூக்குங்க மாமி. வெளிய இருக்கிற டிவியில மாமா உங்களையே பாத்துட்டிருப்பாரு. மைக்குல பேசுவாரு. நான் உடனே நிறுத்திட்டு ஓடி வந்துருவேன்.”

மாமி போய்ப் படுத்தார். பாய் மறுபடி சுற்றி வந்து கூப்பிட்டார்: “உள்ள யாராவது இருக்கீங்களா?”

“நான் இருக்கேன்.”

“நீங்க இருங்க மாமி. வேற யாராவது?”

“வேற யாரும் இல்லை. கதவைச் சாத்துங்கோ.”

மாமி கையைத் தூக்கவே இல்லை. அன்றும் இல்லை, சிகிச்சை முடியும்வரை ஒருநாளும் இல்லை. மாமா மட்டும் மைக்கில் பால் கணக்கிலிருந்து பக்கத்து வீட்டுச் சண்டை வரை பேசித் தள்ளினார்.

இப்போதும் பாயைக் கேலி செய்யாமல் எனக்குப் பொழுது போகாது. ஆனால் நாளைக்கு நானே அந்த மேஜையில் படுக்க நேர்ந்தால், கதவைச் சாத்துகிறவர் அவராக இருக்க வேண்டும்.