வடக்கே விழ மறுத்த நிழல்

அடுத்தவர் எழுதிய பாடத்தை நம் ஊருக்கு ஏற்றபடி மாற்றுவதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று நான் நம்பிய காலம் ஒன்று உண்டு. (நம்பியது நான் மட்டும்தான்.)

கிழக்கேகோட்டைக்குப் பக்கத்தில் ஒரு பள்ளியில் தமிழ் வகுப்புக்குத் தற்காலிக ஆசிரியையாக இருந்தேன். என் மாதிரி வகுப்பைப் பார்க்க மேலிடத்திலிருந்து ஒரு மேடம் வருவதாகச் சொன்னார்கள். அவர் தலையசைத்தால் வேலை நீடிக்கும். இல்லாவிட்டால் சாலைக் கடைத்தெருவில் கணவரின் பைப்புக் கடையில் உட்கார்ந்து பில் போட வேண்டியதுதான்.

யார் வேண்டுமானாலும் எடுத்து மாற்றிக்கொள்ளலாம் என்ற அனுமதியோடு, ஒரு குளிர்நாட்டு ஆசிரியை இணையத்தில் வைத்திருந்த நிழல் பாடம் கிடைத்தது. விடுவேனா? பனியை மழையாக்கினேன். ஆப்பிளை ஏத்தன்பழமாக்கினேன். பூங்காவைப் பழவங்காடித் தெருமுக்காக்கினேன். என் பெயரைக் கொட்டை எழுத்தில் மேலே போட்டு, அந்த ஆசிரியையின் பெயரை அடியில் எறும்பளவுக்கு வைத்தேன். ‘நடுப்பகலில் நிழல் எப்போதும் வடக்கே விழும்’ என்ற வரியை மட்டும் தொடவில்லை. சூரியனில் திருத்த என்ன இருக்கிறது?

ஓணம் தள்ளி வந்த வருஷம் என்பதால் ஆகஸ்ட் கடைசியில் பள்ளிக்கு லீவு இல்லை. நடுப்பகல் நெருங்கும் நேரம், நல்ல வெயில். கடையிலிருந்து கொண்டுவந்த பைப்பை முற்றத்தில் நட்டு, பிள்ளைகளைச் சுற்றி நிறுத்தினேன். மேடம் குடை பிடித்து நின்றார்.

“வடக்கே பாருங்க. இப்போ நிழல் இங்கே விழும்.”

குட்டையாகிக்கொண்டே வந்த நிழல் பைப்புக்கடியில் ஒடுங்கி, இல்லாமலே போய்விட்டது.

“டீச்சரே, நெழலக் காணல்லியே!” என்று கத்தினாள் முன்னால் நின்ற மீனா.

“பைப்பு சரிஞ்சிருக்கு” என்று நிமிர்த்தப் போனேன். (நேராக நின்றதைச் சரித்து, தெற்கே கொஞ்சம் நிழல் வரவைத்ததுதான் மிச்சம்.)

பிள்ளைகள் கொடிக்கம்பத்துக்கு ஓடினார்கள். அதற்கும் நிழலில்லை. அவரவர் காலடியைப் பார்த்தார்கள். ஆளுக்கொரு சின்னக் கறுப்பு வட்டம். மேடமும் குடையை மடக்கிவிட்டு எங்களோடு குனிந்து நின்றார்.

அண்ணாந்தால் கண் கூசியது. ஆனால் சூரியன் எங்கள் உச்சிக்கு நேர் மேலே நிற்பது தெரிந்தது. வேலை போகப்போகிறது என்ற பயம்கூட மறந்து எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இத்தனை வருஷமாக இதற்குக் கீழேதான் குடை பிடித்துக்கொண்டு ஒன்றும் தெரியாமல் நடந்திருக்கிறேன்!

“இது எந்த ஊர்ப் பாடமாக்கும் டீச்சரே?” என்றார் மேடம் மெதுவாக.

“குளிர்நாட்டுப் பாடம், மேடம். அங்கே சூரியன் தலைக்கு மேல வரவே வராதுபோல. நான் பழத்தை மட்டும்தான் மாத்தினேன்.”

அவர் சிரித்த சிரிப்பில் என் வேலை பிழைத்தது. “அந்த வரியப் பிள்ளைங்களே மாத்தட்டும். மாத்தி, எடுத்த எடத்துலயே திருப்பி வையுங்க.”

மாற்றினார்கள்: ‘நிழல் எந்தப் பக்கம் விழும்? உங்கள் ஊரில் வெளியே போய்ப் பாருங்கள்.’ அந்த ஆசிரியையின் பெயரும் பிள்ளைகளின் பெயரும் மேலே ஏறின. எறும்பளவுக்கு இறங்கியது என் பெயர்.

இப்போதும் வீட்டில் நான் “எப்பவும்” என்று ஆரம்பித்தால் போதும், “எப்பவும் வடக்கதானா?” என்பார் கணவர். கேலிக்கு மட்டும் குறைச்சலில்லை. ஆனால் சூரியன் உச்சிக்கு நேரே வரும் ஒவ்வொரு ஆகஸ்ட் கடைசியிலும் கடை வாசலில் பைப்பை நட்டு, லாரியில் பாரம் இறக்குகிறவர்களையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டு, வாயைப் பிளந்து நிற்பவர் அவரேதான்.