ஜப்பானுக்குப் போகும் வழியில் அறுபத்திரண்டு வீடுகள்

கோயமுத்தூர் ஜில்லாவிலேயே அதிர்ச்சி அடைவதற்கு அட்டவணை போட்டு வைத்திருந்த ஒரே மனிதர் எங்கள் சாம்பிள்காரர்தான். மற்றவர்களுக்கெல்லாம் அதிர்ச்சி தானாக வந்து சேரும். அவர் மட்டும் திங்கட்கிழமைக்கு இன்னது, செவ்வாய்க்கிழமைக்கு இன்னது என்று வகுத்து, முன்கூட்டியே அடைந்து முடித்துவிடுவார். அதில் எங்களுக்கும் பங்கு கொடுத்ததுதான் கஷ்டம்.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கவேண்டும். நான் டைப் அடித்துக்கொண்டிருந்த பஞ்சுக் கம்பெனியில் அதைச் சொல்லி யாரும் அவரைக் கூப்பிட்டதில்லை. பஞ்சுப் பொதியிலிருந்து ஒரு பிடி சாம்பிள் எடுத்து, இரண்டு கட்டைவிரலாலும் இழுத்துப் பார்த்து, "இது அன்னூர்ப் பருத்தி, பறிக்கறப்ப மழத் தூத்தல் இருந்துருக்குது" என்று சொல்லிவிடுவார். விசாரித்தால் தூறல் இருந்திருக்கும். நான் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த பிரம்மச்சாரி. என்னை அவர் "டைப்புத் தம்பி" என்பார்.

எங்கள் பஞ்சை ஜப்பான்காரர்கள் வாங்கிக்கொண்டிருந்த காலம் அது. அங்குள்ள மில்களைப் பார்த்து, எந்த மாதிரிப் பஞ்சு அவர்களுக்குப் பிடிக்கிறது என்று தெரிந்துகொண்டு வர ஓர் ஆளை அனுப்புவதென்று முதலாளி முடிவு செய்தார். "சாம்பிள்காரரே, நீங்களே போயிட்டு வந்துருங்க" என்றார்.

சாம்பிள்காரர் அதுவரை கிழக்கே ஈரோட்டைத் தாண்டியதில்லை. கையிலிருந்த பஞ்சு கீழே விழுந்தது. அதை எடுக்கக்கூட மறந்து நேரே என் மேஜைக்கு வந்தார்.

"ஏனுங்க தம்பி, நம்மூர்லயே இப்புடி வெலவெலத்துப் போறனே, சப்பான்ல போயி வாயப் பொளந்துட்டு நின்னா கோயமுத்தூருக்கே கேவலமில்லீங்களா? பயப்படறதெல்லாம் இங்கியே பயந்துபோட்டுத்தானுங்க கப்பலேறோணும்."

அதற்கு அவருக்குக் கிடைத்த காலம் மூன்று மாதம். ஜப்பான் கம்பெனி ஏஜெண்டு விட்டுச் சென்ற ஓர் இங்கிலீஷ் புஸ்தகத்தை மத்தியான வேளைகளில் நான் படித்துச் சொல்லவேண்டும். அவர் பயணத் திட்டம் போடுவார். முதலில் கோபே, பிறகு ஒசாகா மில்கள், அதன்பின் கியோட்டோ, நாரா. கடைசி நான்கு நாள் வெறும் கிராமம். மில்லுக்கு அனுப்புகிற முதலாளியிடம் கிராமத்துக்கு நான்கு நாள் கேட்டு வாங்கினார் என்றால் அந்தக் கிராமத்தின்மேல் அவருக்கு எவ்வளவு ஆசை என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

"அங்கத்த கெணத்துல தண்ணி எத்தன அடியில கெடக்குதுங்க?"

புஸ்தகத்தை இரண்டு முறை புரட்டினேன். கோயில் இருந்தது, எரிமலை இருந்தது, கிணறு இல்லை.

"கெணறு இல்லாத பொஸ்தகம் என்ன பொஸ்தகமுங்க? நானே போயி எட்டிப் பாத்துட்டு வந்து சொல்றனுங்க" என்றார்.

ஜப்பானில் அடிக்கடி பூமி ஆடும் என்று படித்ததுதான் என் முதல் தவறு. மறுநாளே இரண்டு மூட்டைத் தூக்கிகளைக் கூப்பிட்டு, "நான் உக்காந்துட்டு இருக்கறப்ப நாற்காலியப் புடிச்சு ஆட்டிப்போடுங்க. எப்ப ஆட்டுவீங்கன்னு மட்டும் எனக்குத் தெரியப்படாது" என்று உத்தரவு போட்டார். சாம்பிள்காரரை ஆட்டிப் பார்க்க அவர்களுக்கும் வெகு நாள் ஆசை இருந்திருக்கவேண்டும். மனதார ஆட்டினார்கள். அந்தச் சமயம் பார்த்து முதலாளி உள்ளே வந்தார். நாற்காலியில் ஆள் துள்ளித் துள்ளி விழுகிறது; இரண்டு பேர் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். "அய்யோ, வலிப்பு!" என்று அலறி, கிடங்குச் சாவிக்கொத்தை அவர் கையில் திணித்து, ஒரு செம்புத் தண்ணீரை முகத்தில் அடித்தார்.

சாம்பிள்காரர் சொட்டச் சொட்ட எழுந்து நின்று, கையைக் கட்டிக்கொண்டு, "நெலநடுக்கமுங்க மொதலாளி" என்றார்.

அவ்வளவுதான். முதலாளி செருப்பை விட்டுவிட்டுத் தெருவுக்கு ஓடினார். அவர் ஓடுவதைப் பார்த்து ஆபீஸே ஓடியது. விஷயம் தெரிந்த நானும் ஏனோ ஓடினேன்.

கப்பல் மயக்கத்துக்காக, கருமத்தம்பட்டியிலிருந்து அன்னூர் வரை காலி மாட்டு வண்டியில் மல்லாந்து படுத்துக்கொண்டு, பாதையை விட்டுப் பள்ளத்திலும் கல்லிலும் ஓட்டச் சொன்னார். வாந்தி எடுத்தவர் வண்டிக்காரர்தான். இரண்டு குச்சியால் சாப்பிடப் பழகவேண்டும் என்று, தூக்குப் போசியில் சந்தகை கொண்டுவந்தார். அரிசி மாவை நூல் நூலாகப் பிழிகிற பண்டம் அது. ஒரு நூலைக் குச்சியால் தூக்கியதும் பழக்க தோஷத்தில் கட்டைவிரல்கள் வந்து அதை இழுத்துப் பார்த்தன. "இழ நீளமில்லீங்க, பழைய அரிசி" என்று தீர்ப்புச் சொன்னார். சாப்பாட்டு வேளை முடிந்துவிட்டது.

எல்லாவற்றையும் மிஞ்சியது வணக்கம். ஜப்பானில் ஒருவரைக் கண்டால் இடுப்பு வரை குனியவேண்டும், அவரும் குனிவார் என்று படித்திருந்தேன். எங்களுக்குச் சாக்கு விற்கும் கோட்டைமேட்டுப் பாய் ஒருவர் எதிரே வந்தார். மரியாதையில் சாம்பிள்காரருக்கு ஒரு மாற்றும் குறைந்தவரில்லை. இவர் குனிந்தார். பதறிப்போன பாய் இன்னும் கீழே குனிந்தார்.

"ஏனுங்க பாய், நிமிருங்க."

"நீங்க மொதல்ல நிமிருங்க. பெரியவிய நீங்க குனிஞ்சிருக்க நான் நிமிரலாமுங்களா?"

"அதெப்புடீங்க, ஆரம்பிச்சவன் நானுங்க, நீங்கதான் நிமிரோணும்."

பெரிய கடைவீதியில் ஜட்கா வண்டிகள் நின்றன. ஏதோ விழுந்துவிட்டது என்று நினைத்து நாலைந்து பேர் குனிந்து தேட ஆரம்பித்தார்கள். நான்தான் நடுவில் புகுந்து, இருவர் தோளையும் ஒரே சமயத்தில் தூக்கி நிறுத்தினேன்.

இப்படி எல்லா அதிர்ச்சியும் தீர்ந்தபின், புறப்பட ஒரு மாதம் இருக்கையில், சொல்லிக்கொள்ளும் படலம் தொடங்கியது. தூரதேசம் போகிறவர்கள் உறவுக்காரர் ஒவ்வொருவர் வீட்டுக்கும் நேரில் போய்ச் சொல்லிவிட்டுத்தான் போகவேண்டும். ஆள் விட்டுச் சொன்னாலோ, வழியில் பார்த்துச் சொன்னாலோ அது கணக்கில் சேராது. போன வீட்டில் வாய் நனைக்காமல் வந்தால் அது இன்னும் பெரிய குற்றம். சாம்பிள்காரரின் ஜாபிதாவில் அறுபத்திரண்டு வீடுகள் இருந்தன. அறுபத்திரண்டிலும் சாப்பிட்டார். அன்னூர் அத்தை ஒருத்தி செய்தி கேட்டு நெஞ்சில் கை வைத்துக்கொண்டாளாம்.

"சப்பான்ல நம்ம மாமன் மச்சான் ஆருமே இல்லியா கண்ணு? அப்பறம் ஆரு ஊட்டுல போயி தங்குவே?"

கப்பலுக்கென்று தைத்த கோட்டு, முப்பதாவது வீட்டில் பொத்தான் போட மறுத்தது.

அறுபத்திரண்டும் முடிந்து, புறப்படுவதற்கு முதல் நாள் அவர் ஆபீசுக்கு வந்தபோது என் நாக்கு சும்மா இருந்திருக்கலாம். "ஜில்லா பூராவும் சொல்லிக்கொண்டீர்கள் சார். ராஜ வீதியில் என் மாடி அறை மட்டும் உங்கள் கண்ணில் படவில்லை, பாருங்கள்" என்றேன். வேடிக்கைக்குத்தான் சொன்னேன். அவர் முகம் வெளுத்துப்போனதைப் பார்த்து நான் சிரித்துவிட்டு டைப் அடிக்கப் போய்விட்டேன்.

புறப்படும் நாள் காலை. ரயிலில் தனுஷ்கோடி, அங்கிருந்து கடல் தாண்டிக் கொழும்பு, கொழும்பில் கப்பல். அந்த ரயிலை விட்டால் அந்தக் கப்பல் இல்லை. அறுபத்திரண்டு வீட்டாரும் கட்டுச்சோற்று மூட்டைகளோடு ஸ்டேஷனில் நின்றார்கள். முதலாளி மாலையோடு நின்றார். நானும் ஒரு மாலை வாங்கிக்கொண்டு ஒரு மணி நேரம் முன்பே போய்விட்டேன். அவர் முன்பே அனுப்பிவைத்திருந்த பெட்டியை யாரோ ஏற்றினார்கள், கட்டுச்சோற்றை ஏற்றினார்கள். மணி அடித்தது. கொடி அசைந்தது. ரயில் போயே போய்விட்டது. பெட்டி தனுஷ்கோடிக்குப் போயிற்று. மனிதர் வரவில்லை.

அன்றைக்குக் கோயமுத்தூர் ஸ்டேஷனில் பார்த்த முகங்களை நான் மறக்கவே மாட்டேன். முதலாளி கையிலிருந்த மாலையைத் தன் கழுத்திலேயே போட்டுக்கொண்டு நின்றார்.

எங்கே தேடுவது என்று தெரியாமல், மாலையை அறையில் வைத்துவிட்டுப் போகலாம் என்று வந்தேன். என் மாடிப்படியில், பொத்தான் போடாத கோட்டோடு, மடியில் ஒரு தட்டும் தட்டில் வெற்றிலை பாக்கு பழமுமாக, சாம்பிள்காரர் உட்கார்ந்திருந்தார்.

"வாங்க தம்பி. சொல்லீட்டுப் போலாம்னு வந்தனுங்க. ஊடு பூட்டியிருந்துச்சு. இப்ப வருவீங்க, இப்ப வருவீங்கன்னு..."

"நான் ஸ்டேஷனில் இருந்தேன் சார்! உங்களுக்காக! அங்கே சொல்லியிருக்கக் கூடாதா?"

"டேசன்ல சொல்றது சொல்றதாகுமுங்களா? ஊட்டுக்கு வந்து சொல்லோணுமில்லீங்க."

"ரயில் போய்விட்டது சார்."

மூன்று மாதம் விதவிதமாகப் பழகியவர், இதற்கு மட்டும் பழகியிருக்கவில்லை. தட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "போயிருச்சுங்களா" என்றார். தட்டை என்னிடம் நீட்டி, "வந்த ஊட்டுல வாய் நனைக்காமப் போனா நல்லாருக்காதுங்க. என்ன வெச்சிருக்கீங்க?" என்றார். என்னிடம் ஒரு பிடி பொட்டுக்கடலைதான் இருந்தது. அதை வாங்கி, ஒன்று விடாமல் தின்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

மறுநாள் முதலாளி கத்திய கத்தலில் கிடங்குப் புறாக்கள் பறந்தன. "கடியாரம் நின்னுபோச்சுங்க மொதலாளி" என்பதற்குமேல் சாம்பிள்காரர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் டைப் மிஷினைப் பார்த்துக்கொண்டு கோழையாக உட்கார்ந்திருந்தேன். அடுத்த கப்பலில் முதலாளியின் மைத்துனர் போனார். அவர் திரும்பி வந்ததும் சாம்பிள்காரர் முதல் ஆளாக ஓடிப்போய், "கெணத்துல தண்ணி எத்தன அடியிலீங்க?" என்று கேட்டார். மைத்துனர் கிணறு எதையும் பார்க்கவில்லையாம். "நாலு நாளு கெராமத்துல இருந்தீங்களே!" என்று வாயைப் பிளந்த சாம்பிள்காரர், சாயங்காலம் வரை அதை மூடவில்லை.

இரண்டு வருஷம் கழித்து எனக்குச் சென்னையில் வேலை கிடைத்தது. புறப்படும் நாள் காலை, கையில் வெற்றிலை பாக்குத் தட்டோடு துடியலூரில் இருந்த அவர் வீட்டுக்குப் போனேன். வாசலில் என்னைப் பார்த்ததும் இடுப்பு வரை குனிந்தார். நானும் குனிந்தேன். அவர் சம்சாரம் வந்து இருவரையும் நிமிர்த்தி, உட்காரவைத்துச் சந்தகை போட்டார். பேசிக்கொண்டே சாப்பிட்டோம். திடீரென்று சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தவர், பூமி ஆடியதுபோல் துள்ளி எழுந்தார்.

"ஏனுங்க தம்பி! உங்க ரயிலு போயிருக்குமுங்களே!"

"போயிருக்கும்" என்றேன். "இன்னும் கொஞ்சம் சந்தகை போடச் சொல்லுங்கள், சார்."